குதிக்கிற நாளில் மாத்திரையை விடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். நான்கு ஆண்டுகளாக அமெரிக்காவில், சான் டியாகோவில் மென்பொருள் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். தினமும் காலையில் அதற்கான மாத்திரையான வைவான்ஸ் 40 மி.கி. எடுக்கிறேன், வேலை, வீடு எல்லாம் ஓரளவு ஒழுங்குக்கு வந்திருக்கிறது. சென்ற மாதம் நண்பர்களோடு போய், டேண்டம் முறையில் பயிற்றுநரின் மார்போடு கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதித்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நிமிடம் முழுக்க என் தலைக்குள் சத்தமே இல்லை. இப்போது கலிஃபோர்னியாவிலேயே உள்ள பெரிஸ் நகரில், தனியாகக் குதிக்கக் கற்றுத்தரும் ஏஎஃப்எஃப் பயிற்சிக்குப் பணம் கட்டப்போகிறேன். அலுவலக நண்பர் ஒருவர், "மாத்திரையும் அட்ரினலினும் சேர்ந்தால் இதயம் தாங்காது, அன்றைக்கு மட்டும் மாத்திரையை விட்டுவிடு, அந்தப் பயமே கவனத்தைக் கொடுத்துவிடும்" என்கிறார். இன்னொருவர், "படிவத்தில் ஏடிஹெச்டி என்று எழுதினால் சேர்க்கவே மாட்டார்கள்" என்கிறார். கிதார், ட்ரோன், மண்பாண்டம் என்று நான் பாதியில் விட்டவை ஏராளம். இதுவும் அந்த வகைதானா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: மாத்திரையை விடாதீர்கள். படிவத்தில் மறைக்காதீர்கள். உங்கள் மருத்துவர் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துச் சரி என்றால் தாராளமாகச் சேருங்கள். அவசரத்தில் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏடிஹெச்டி உள்ளவர்களுக்கு எழுதும்போது முக்கியமானதை முதல் பத்தியிலேயே வைத்துவிடுவது என் வழக்கம்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பயமெல்லாம் அந்த ஒரு நிமிட வீழ்ச்சியைப் பற்றியது. மனநல மருத்துவம் பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் குதிக்கவும் செய்கிறவன் நான். அந்த நிமிடத்தில் ஏடிஹெச்டி பெரிதாகத் தொல்லை கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. விமானம் ஏறுவதற்கு முன்பு தரையில் கழியும் மணிநேரங்கள், அப்புறம் தனியாகக் குதிப்பதற்கான உரிமம் கைக்கு வந்த பின் வரும் மாதங்கள், அங்கேதான் அது வேலையைக் காட்டும்.

முதலில் மாத்திரை. வைவான்ஸில் இருக்கும் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் விழுங்கியபடியே வேலை செய்கிற மருந்து அல்ல. ரத்தத்துக்குள் போன பிறகுதான் டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமினாக மாறுகிறது. அதனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மெதுவாகப் பிடிக்கும், பெரியவர்களுக்குப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் வரை நிற்கும், அப்புறம் இறங்கும். தினமும் எடுப்பவர் ஒரு நாள் மட்டும் விட்டால், பலருக்குத் தூக்கம் தள்ளும், பசி பிடுங்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், எதையும் தொடங்கவே மனம் வராது. அந்த நிலையில் 13,000 அடிக்கு ஏற வேண்டிய அவசியம் என்ன? இன்னொன்றும் இருக்கிறது. வகுப்பில் மாத்திரையோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டதை, மாத்திரை இல்லாத தலையோடு முதன்முறையாகச் செய்து பார்க்க வேண்டிய இடம் விமானத்தின் வாசல் அல்ல.

"பயமே கவனத்தைக் கொடுத்துவிடும்" என்ற உங்கள் நண்பரின் பேச்சில் பாதி உண்மை. அட்ரினலின் வரும். ஆனால் அது வருவது கதவு திறந்து காற்று முகத்தில் அறையும்போது. மார்புப் பட்டை சரியான வளையத்துக்குள் போயிருக்கிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு, கீழே ஒரு பெஞ்ச் ஓரத்தில், கொட்டாவி வருகிற நேரத்தில். அப்போது அட்ரினலின் உதவிக்கு வராது. மாத்திரை அந்த நேரத்துக்காகத்தான். ஸ்வீடனில் 17,000க்கும் மேற்பட்ட ஏடிஹெச்டி உள்ளவர்களை வைத்து நடத்தி 2014ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆண்களிடம் கடுமையான சாலை விபத்துகள் குறைவாக இருந்தன. சாலையும் வானமும் ஒன்றல்ல என்றாலும், சலிப்பான நேரத்தில் கவனம் நழுவுவது இரண்டுக்கும் பொதுவான ஆபத்து.

விடக்கூடாது என்பதைப் போலவே கூட்டவும் கூடாது. "இன்றைக்கு முக்கியமான நாள்" என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிக்கு முந்தைய சில வாரங்களில் அளவை மாற்றுவதும், புது மருந்துக்குத் தாவுவதும் வேண்டாம். அப்படி மாற்றியே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால், பயிற்சித் தேதியைத் தள்ளிப் போடுங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது ஏடிஹெச்டிக்கே தரப்படும் இன்னொரு மருந்தான குவான்ஃபசின் எடுப்பவராக இருந்தால் உங்கள் கணக்கே வேறு. அது ரத்த அழுத்தத்தை இறக்கும், தூக்கம் வரவழைக்கும், திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும். மருத்துவரைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இதயம். இந்த வகை மருந்துகள் பெரும்பாலோருக்கு நாடித்துடிப்பைச் சில துடிப்புகளும் ரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகளும் கூட்டும். முதல்முறை குதிப்பவரின் இதயம் மருந்தே இல்லாமலும் நிமிடத்துக்கு 150ஐத் தாண்டி அடிக்கும். ஆரோக்கியமான இதயம் இரண்டையும் சேர்த்தே தாங்கும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், ஓடும்போதோ படியேறும்போதோ நீங்கள் மயங்கி விழுந்திருந்தால், காரணமில்லாமல் படபடப்பு வந்திருந்தால், ஏற்கெனவே அழுத்தம் அதிகம் என்றால், இசிஜி எடுத்து இதய மருத்துவரைப் பார்க்காமல் குதிக்கக்கூடாது. இதெல்லாம் இல்லை என்றால், நான் உங்கள் இதயத்தைவிட வயிற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்பேன். மாத்திரை பசியை அடக்கும். பெரிஸ் பாலைவனத்தை ஒட்டிய ஊர், கோடையில் வெயில் கொளுத்தும். காலையில் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், கையில் ஓர் எனர்ஜி டிரிங்கோடு சுற்றுகிற பையன்தான் மதியம் தலைசுற்றி உட்காருவான். மாத்திரைக்கு முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். எனர்ஜி டிரிங்க் வேண்டாம், காபி வழக்கமான அளவோடு. சளி பிடித்திருந்தால் அன்று குதிக்கவே வேண்டாம். காது அடைத்துக்கொண்டு சவ்வு கிழியும் வாய்ப்பு உண்டு. அதை மறைக்க மூக்கடைப்பு மாத்திரை போடுவது இன்னும் மோசம், அதில் இருக்கும் சூடோஎஃபெட்ரினும் உங்கள் மருந்தும் சேர்ந்து துடிப்பை ஏற்றிவிடும்.

மாத்திரைப் புட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். மருந்துக்கடை லேபிளோடு, பையில், நிழலில் இருக்கட்டும்.

இனி படிவம். அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏவின் விதி 105.7, பாதுகாப்புக்கு மாறாகப் புலன்களையும் செயல்திறனையும் பாதிக்கும் எந்த மருந்தின் ஆதிக்கத்திலும் ஒருவர் குதிக்கக்கூடாது, விமானி அவரைக் குதிக்க விடவும் கூடாது என்கிறது. மதுவுக்கும் அதே தடைதான். மருந்துப் பெயர்ப் பட்டியல் எதுவும் அந்த விதியில் இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரே அளவில், பக்கவிளைவு இல்லாமல், வேலையையும் வண்டி ஓட்டுவதையும் மேம்படுத்தியிருக்கும் மருந்து அந்த வரையறைக்குள் வரும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று தொடங்கிய மருந்து வரலாம். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், விமானிகளுக்கு எஃப்ஏஏ இந்த மருந்துகளோடு மருத்துவச் சான்று தருவதில்லை. அதைக் கேள்விப்பட்டவர்கள் குதிப்பவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். குதிப்பவருக்கு அந்தச் சான்று கட்டாயமில்லை. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ கேட்பது மூன்றில் ஒன்று: எஃப்ஏஏ மருத்துவச் சான்று, அல்லது மருத்துவர் தரும் தகுதிச் சான்று, அல்லது நீங்களே கையெழுத்திடும் உடல்நல உறுதிமொழி. இரண்டாவதை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். மருந்து, அளவு, எத்தனை காலமாக என்று மூன்று வரியில் உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுக்கட்டும். மேசையில் இருப்பவர் தயங்கினால் நீட்ட ஒரு காகிதம் இருக்கும். ஒரே ஒரு கதவுதான் பின்னாளில் மூடியிருக்கும்: மற்றவர்களை மார்பில் கட்டிக் குதிக்கும் டேண்டம் பயிற்றுநராக எஃப்ஏஏ சான்று வேண்டும், இந்த மருந்தோடு அது கிடைக்காது.

பயிற்றுநரிடம் சொல்லச் சொல்வதற்கு விதியைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. சொன்னால் அவர் கற்றுத்தரும் விதத்தை மாற்றிக்கொள்ள முடியும். குதித்து இறங்கியதும் ஏழு திருத்தங்களை மூச்சுவிடாமல் அடுக்குகிற பயிற்றுநர்கள் உண்டு. "எனக்கு ஒரு நேரத்தில் ஒன்று சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். குதிக்கும் முன் தரையில் நடந்து பார்க்கும் டர்ட் டைவை மற்றவர்கள் இரண்டு முறை செய்தால் நீங்கள் ஆறு முறை செய்யுங்கள், வாய்விட்டுச் சொல்லியபடி. பாராசூட் சிக்கினால் என்ன செய்வது என்ற பயிற்சி, அதாவது சிவப்புக் கைப்பிடியைப் பார்த்துப் பிடித்து இழுத்து முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிட்டு ரிசர்வ் எனும் மாற்றுப் பாராசூட்டை இழுப்பது, தலையில் நிற்கக்கூடாது, கையில் நிற்க வேண்டும். குளிக்கும்போது, மின்தூக்கியில் தனியாக இருக்கும்போது செய்து பாருங்கள். சான் டியாகோவில் யாரும் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள். இறங்கியதும் பேச்சு, செல்ஃபிக்கு முன்பு பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

அந்தச் சத்தமில்லாத நிமிடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் ஏமாறக்கூடாது. டேண்டமில் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. உயரம் பார்ப்பது, விரிப்பது, இறக்குவது எல்லாம் முதுகுப்பக்கம் இருந்தவர் பார்த்துக்கொண்டார். ஏஎஃப்எஃபில் முதல் சில குதிப்புகளில் இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள். ஆனால் வேலை உங்களுடையது. தொடுவானத்தைப் பார், உயரம் காட்டும் ஆல்ட்டிமீட்டரைப் பார், இடப்பக்கத்தவரைப் பார், வலப்பக்கத்தவரைப் பார், விரிக்கும் கைப்பிடியை மூன்று முறை தொட்டுப் பழகு, இடையில் அவர்கள் கைஜாடை காட்டினால் அதன்படி காலை நீட்டு. 13,000 அடியில் வெளியேறி 5,500 அடியில் விரிப்பது வரை முக்கால் நிமிடம்தான். முழு வேகத்தில் விழும்போது ஆயிரம் அடி ஐந்தரை விநாடியில் போய்விடும். அந்த அமைதி உடனே திரும்பி வராது. உரிமம் வாங்குகிற நேரத்தில் வரலாம். முதல் குதிப்பில் "டேண்டம் மாதிரி இல்லையே" என்று மனம் விட்டுப்போய், மண்பாண்டத்தோடு இதையும் சேர்த்துவிடாதீர்கள். இதை மருந்துக்கு மாற்றாகவும் நினைக்காதீர்கள். திங்கள்கிழமை காலைக் கூட்டத்துக்கு அது உதவாது.

உங்களுக்குக் காலம் கரைவது தெரியாது என்றால், அதாவது பத்து நிமிடம் என்று உட்கார்ந்து இரண்டு மணி நேரம் போய்விடுகிற ஆள் என்றால், பயிற்றுநரைக் கேட்டு ஹெல்மெட்டுக்குள் ஒலிக்கும் ஆல்ட்டிமீட்டர் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது துணைக்குத்தான். கையில் இருப்பதைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் ஊறிய பிறகு. பழுதா இல்லையா, கழற்றுவதா வேண்டாமா என்ற முடிவை மாணவர்கள் 2,500 அடிக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். ரிக்கில், அதாவது இரண்டு பாராசூட்டுகளும் அடங்கிய முதுகுப்பையில், இருக்கும் தானியங்கிக் கருவி, நீங்கள் எதுவும் செய்யாமல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் மாணவர் அமைப்பில் சுமார் 750 அடியில் ரிசர்வை விடுவிக்கும். அதற்குக் கீழே மிச்சம் இருப்பது சில விநாடிகள். அதை நம்பித் திட்டம் போடக்கூடாது.

இப்போது தரை. இங்கேதான் நான் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன்.

டிராப் ஸோன் எனும் குதிப்புத் தளம் காத்திருக்கும் இடம். மாணவர்கள் குதிக்கத் தரைக்காற்று மணிக்கு 14 மைலுக்குள் இருக்க வேண்டும் என்பது யுஎஸ்பிஏ விதி. தெற்குக் கலிஃபோர்னியாவில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும். அனுபவசாலிகள் குதித்துக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். ஐந்து மணிக்குக் காற்று அடங்கும், மைக்கில் உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள், "பதினைந்து நிமிடத்தில் விமானம்". காலை ஐந்தரைக்கு எடுத்த மாத்திரை அப்போது இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்கச் சலித்து, வெயிலில் காய்ந்து, திடீரென்று அவசரம். ஏடிஹெச்டி மூளைக்கு இதைவிட மோசமான சேர்க்கையை வேண்டுமென்றே செய்ய முடியாது. வகுப்பு மட்டுமே பெரும்பாலும் அரைநாளுக்கு மேல் போகும். வகுப்பு ஒரு நாள், குதிப்பு மறுநாள் காலை என்று பிரித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மருந்து எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடை கட்டிவிடுங்கள், காற்று எவ்வளவு அழகாக அடங்கினாலும். இந்த முடிவை வீட்டிலேயே எடுத்து, பயிற்றுநரிடம் காலையிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும். களத்தில் எடுக்க முடியாது.

அடுத்தது சரிபார்ப்பு. ரிக்கை மாட்டும் முன் ஒரு முறை, விமானம் ஏறும் முன் ஒரு முறை, வெளியேறும் முன் ஒரு முறை. தானியங்கிக் கருவி போட்டிருக்கிறதா, தோள்பட்டையில் மூன்று வளையங்களும் ஒழுங்காக இருக்கின்றனவா, மார்புப் பட்டை, இரண்டு தொடைப் பட்டைகள், பின்னால் மூடிகளுக்குள் ஊசிகள், கைப்பிடிகள். கேட்கச் சுலபமாக இருக்கும். பாதியில் ஒருவர் வந்து, "ஹே, உன் ஹெல்மெட் எங்கே வாங்கினாய்" என்பார். திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்று நினைவிருக்காது. மனம் "எல்லாம் பார்த்தாச்சு" என்று சொல்லும். மனதை நம்பாதீர்கள், முதலிலிருந்து தொடங்குங்கள். எத்தனை முறை குறுக்கிட்டாலும் அத்தனை முறையும் முதலிலிருந்து. தொடைப் பட்டையைப் போட மறந்து குதித்தவர்கள் இந்த விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறார்கள், மாணவர்கள் மட்டும் அல்ல.

உரிமத்துக்கான பாடத்தில் பாராசூட்டை மடித்து அடைக்கவும் கற்க வேண்டும். முதலில் உங்கள் பாராசூட்டை வேறொருவர் மடித்துத் தருவார், பின்னாளில் நீங்களே. இருபது நிமிடத்துக்கு மேல் தரையில் முட்டி போட்டு, வியர்த்து, வழுக்குகிற துணியோடு மல்லுக்கட்டுகிற வேலை. பைலட் சூட் எனும் சின்னப் பாராசூட்டைச் சில ரிக்குகளில் ஒவ்வொரு முறையும் இழுத்துத் தயார்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதை மறந்து அடைத்தால் மேலே அது காற்றைப் பிடிக்காமல் தொங்கும், முதன்மைப் பாராசூட் வெளியே வராது. தயார் என்பதைக் காட்ட அதன் கயிற்றுக்குழலில் ஒரு வண்ணச் சாளரம் வைத்திருப்பார்கள். அந்த நிறத்தைப் பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் அடுத்த மடிப்புக்குப் போகாதீர்கள். மடிக்கும்போது பேச மாட்டேன் என்று அறிவித்துவிடுங்கள், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

குறைந்தது 25 குதிப்புகளும் தேர்வும் முடிந்தால் யுஎஸ்பிஏவின் ஏ உரிமம். அதுவரை உங்களைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். உரிமம் வந்த மறுநாள் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு உங்களைப் பற்றி உண்மையான கவலை அங்கேதான். 2023ல் அமெரிக்காவில் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர்கள் பத்துப் பேர் என்கிறது யுஎஸ்பிஏ கணக்கு. இந்த விளையாட்டில் இறப்பவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள் அல்ல. நன்றாக விரிந்த பாராசூட்டுக்குக் கீழே, தரைக்கு அருகில் கூர்மையாகத் திரும்பி இறந்தவர்கள் அவர்களில் கணிசமானவர்கள். சலிப்பும் அவசரமும் சேர்ந்து சின்னப் பாராசூட்டுக்கு, வேகமான பாராசூட்டுக்கு இழுக்கும். அந்த இழுப்பு உங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாக இருக்கும். பாராசூட்டின் அளவைக் குறைப்பது என்றால் உங்கள் பயிற்றுநர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகுதான் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ரிக் வாங்குவதும் உரிமத்துக்கு அப்புறம்தான். கிதாரைப் போல ரிக்கும் அலமாரியில் தூங்கினால் நஷ்டம் ஆயிரக்கணக்கான டாலர்.

"இதுவும் பாதியில் விடும் வகைதானா?" இருக்கலாம். விட்டால்தான் என்ன? எட்டு முறை குதித்து விட்டுவிட்டால் எட்டு முறை குதித்தவர் ஆவீர்கள், அவமானம் ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு மாதிரி வரும்: விட்டும் விடாமலும் இழுப்பது. மூன்று மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்து, ஒரு சனிக்கிழமை திடீரென்று ஆர்வம் பொங்கி வண்டியை எடுப்பது. மாணவர் 30 நாள் குதிக்காமல் இருந்தால் மறுபடி பயிற்றுநரின் நேரடிப் பார்வையில் ஒரு குதிப்பு செய்துவிட்டுத்தான் தொடர வேண்டும் என்கிறது யுஎஸ்பிஏ வழிகாட்டி. உங்கள் விஷயத்தில் அவசரகாலப் பயிற்சியையும் முழுதாகத் திரும்பச் செய்யச் சொல்வேன். முதல் குதிப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மொத்தத்துக்கும் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். ஒரு மாதம் கழித்தும் ஆசை அப்படியே இருந்தால் அப்போது கட்டலாம். அங்கேயே, கீழிருந்து காற்றை அடித்து உடலை மிதக்கவைக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்றும் இருக்கிறது. அதில் சில நிமிடங்கள் பழகினால் உடலை நிலைநிறுத்துவது கைவந்துவிடும், வானத்தில் உயரம் பார்க்க மனதில் இடம் மிஞ்சும்.

அம்மாவிடம் முதல் குதிப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் அத்தை மகன் இன்ஸ்டாகிராமில் பார்த்துச் சொல்வான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெரிஸிலிருந்து சான் டியாகோ சுமார் 120 கிலோமீட்டர். நாள் முழுக்க வெயில், அட்ரினலின் வடிந்த உடல், மருந்து இறங்கிய தலை, காலியான வயிறு, இருட்டில் நெடுஞ்சாலை. அந்த நாளின் மிக ஆபத்தான பகுதி இதுவாகவே இருக்கலாம். யாராவது கூட வந்து வண்டி ஓட்டுவதாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் அங்கேயே சாப்பிட்டு, அன்றிரவு பெரிஸிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு, மறுநாள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அறை வாடகையையும் பயிற்சிச் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.